சிவப்பு அம்பு ஒட்டிய முடிவு

ஒரு கதையின் முடிவைப் படித்தால் ஒருத்தி நொறுங்கிப்போவாள் என்று தெரிகிறது. அதை அவள் கையில் கொடுக்காமல் ஒளித்து வைத்தால் அது உதவியா, திருட்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே என் சித்தி இப்படிக் கேட்டாள். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பரீட்சையிலும் ஏதாவது எழுதி வைத்தவள், இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூடச் சொல்ல முடியாமல் கையில் கிளிப்போடு நின்றேன். பதிலைச் சித்தியே கண்டுபிடித்தாள். அதைத்தான் எழுதுகிறேன். அவள் வேலை செய்யும் சட்டை தைக்கும் யூனிட்டில் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அந்த யூனிட்டில் யார் என்ன வேலை செய்கிறார்களோ அதுதான் அவர்கள் பெயர். கழுத்துப்பட்டை தைப்பவள் காலர். பட்டன் வைப்பவள் பட்டன். கத்தரி அக்கா, மிஷின்கள் வரிசையாக நிற்கும் லைனின் கடைசியில் செக்கிங் மேசையில் நிற்பவள். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் அவள் கழுத்தில் நாடாவில் தொங்கும். யாராவது வளவளவென்று பேசினால் அந்தக் கத்தரியை விரலில் மாட்டி ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுப்பாள். பேச்சு நின்றுவிடும். பெயர் வர அதுவும் ஒரு காரணம்.

பத்தொன்பது வயதில் சட்டைக்குக் கை தைக்கும் மிஷினில் உட்கார்ந்தவள், இப்போது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஏன் பண்ணிக்கவில்லை என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். “வந்தவனெல்லாம் செக்கிங்லயே திரும்பிப் போயிட்டான்” என்பாள். சிரிக்கமாட்டாள். கேட்டவர்கள்தான் சிரிக்க வேண்டும்.

செக்கிங் என்றால் சட்டையைப் புரட்டிப் பார்ப்பது மட்டும் இல்லை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அந்தச் சட்டை எந்த மிஷினில் தைக்கப்பட்டதோ அங்கேயே திரும்பிப் போகும். பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இதற்கு ஆல்டர் என்று பெயர். கத்தரி அக்காவின் அம்பிலிருந்து யாரும் தப்பியதில்லை. ஒரு தடவை சூப்பர்வைசர் போட்டிருந்த சட்டையிலேயே தோள்பட்டையில் ஒன்றை ஒட்டிவிட்டாள். அவர் அன்று முழுக்க அதோடு சுற்றினார்.

அந்த லைனில் இன்னொரு பழக்கமும் உண்டு. சட்டைத் துணிகள் வெட்டப்பட்டு, பண்டிலாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு பண்டிலிலும் ஒரு சீட்டோடு மிஷின் மிஷினாகத் தள்ளப்படும். புத்தகங்களையும் அவர்கள் அப்படித்தான் படித்தார்கள். இருப்பது ஒரு பிரதி, படிக்க இருப்பவர்கள் முப்பது பேர். ஒருத்தி முடிக்கிறவரைக்கும் மற்றவர்கள் கொட்டாவி விட முடியுமா? அதனால் கத்தரி அக்கா புத்தகத்தின் முதுகைப் பிளேடால் கீறி, ஆறு ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நூலால் தைத்து, மாதிரி வெட்டும் பழுப்புத் தாளில் அட்டை போடுவாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பண்டில் சீட்டு. படித்தவள் அதில் தன் மிஷின் எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குத் தள்ள வேண்டும். சட்டை காலரிலிருந்து செக்கிங்குக்கு வரும். புத்தகம் செக்கிங்கிலிருந்து கிளம்பி காலருக்குப் போகும். அதாவது கத்தரி அக்காதான் முதலில் படிப்பாள். அவளுக்கு அடுத்து காலர்.

அவர்கள் படித்ததில் பாதிக்கு மேல் ஒரே எழுத்தாளருடையது. ‘நம்ம ஆளு’ என்பார்கள். கத்தரி அக்காதான் அவரைக் கண்டுபிடித்தவள். அவருடைய முதல் கதையில் ஒரு தையல்காரி, பட்டனில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். போலீசார் தலையைச் சொறிவார்கள். கத்தரி அக்கா அதை நின்றுகொண்டே பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். கண் வைத்து வேலை செய்யும் பெண்களை இப்படி மதிக்கிற ஒருத்தரா என்று அவளுக்கு ஆச்சரியம். அவருக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு மாதம் கழித்து அவர் கைப்பட எழுதிய ஒரு தபால் அட்டை வந்தது: “உங்களைப் போல் கவனித்துப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.” அந்த அட்டை பன்னிரண்டு வருடமாக அவளுடைய ஊசி டப்பாவில் இருந்தது.

அவருடைய புதிய புத்தகம் வந்தது. சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. கதை இதுதான். ஒரு பெண்ணின் வீட்டில் பொருட்கள் இடம் மாறுகின்றன. வைத்த இடத்தில் சாவி இல்லை. உப்பு டப்பா குளியலறையில் இருக்கிறது. கணவன் அவள் தலையைத் தடவி, “நீதாம்மா மறந்துட்டே” என்கிறான். கோபப்படவே மாட்டான். அதுதான் பயமாக இருக்கும். அவள் ஒரு நோட்டில் எதை எங்கே வைத்தேன் என்று எழுத ஆரம்பிக்கிறாள். மூன்றாம் பகுதியில், அவள் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கணவன் சாவியைப் பூந்தொட்டிக்குள் புதைப்பதை எதிர் வீட்டுப் பெண் சன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள்.

லைனே கொதித்துப்போனது.

“அந்தப் பூந்தொட்டியை எடுத்து அவன் மண்டையிலேயே போடணும்” என்றாள் பட்டன்.

“வாயால போடாம கையால பட்டனைப் போடு” என்றார் சூப்பர்வைசர். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாலாம் பகுதி எங்கே இருக்கு?” என்றார்.

காலர் மட்டும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை. யூனிட்டுக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் காலர் முனையை அவளைப்போல் கூராக எடுக்க ஆளில்லை. கொஞ்ச நாளாகத்தான் ஆள் ஒரு மாதிரி இருந்தாள். அடையாள அட்டையை வீட்டில் தொலைத்துவிட்டேன் என்று வந்து நின்றாள். இன்னொரு நாள், அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனாம் என்று மதியம் முழுக்க நடுங்கினாள்.

“வந்துட்டேனாம்னா? யாரு சொன்னா?” என்று கேட்டாள் கத்தரி அக்கா.

“அவருதான் சொன்னாரு. எனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சாம். ஒரு நாள் மிஷின்ல கையை விட்டுக்குவேன்னு பயப்படறாருக்கா. வேலையை விட்டுடுன்னு அவரே பேப்பர் எழுதிக் குடுத்திருக்காரு. நான் கையெழுத்துப் போட்டா போதும்.”

“போட்டுட்டியா?”

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.” அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. “கதை முடியட்டும்னு.”

அவள் சொன்னது விளையாட்டுக்கில்லை என்று கத்தரி அக்காவுக்கு ஆறாம் பகுதியின்போது புரிந்தது. காலர் தன் மிஷின் இழுப்பறையில், பழைய பண்டில் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாள். ‘சாவி ஆணியில். ஆறு மணி.’ ‘அடுப்பு அணைத்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.’ கதையில் வரும் பெண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்திருந்தாள். கத்தரி அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்ம ஆளு கைவிட மாட்டார் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் ஏழாம் பகுதியைப் படித்தாள். அதுதான் கடைசி.

எல்லாமே அந்தப் பெண்ணின் கற்பனையாம். பொருட்களை இடம் மாற்றியது அவளேதானாம். கணவன் தங்கமான மனுஷனாம். ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்குகிறார். கடைசிப் பக்கத்தில் அவள் நோட்டைத் தானே கிழித்துப்போட்டுவிட்டு, “என்னை மன்னிச்சிடுங்க” என்று கணவன் தோளில் சாய்கிறாள். முற்றும்.

கத்தரி அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். ஏதோ பக்கத்தை விட்டுவிட்டோமோ என்று திரும்பவும் படித்தாள். விடவில்லை. சட்டையின் உடம்பு ஒரு சாயம், கை ஒரு சாயம் என்று வந்தால் ஷேடு மாறியிருக்கிறது என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே பல்லிளிக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. எதிர் வீட்டுப் பெண் என்ன ஆனாள்? அவள் சன்னலில் நின்று பார்த்தது யாருடைய கற்பனை? அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவரே அவளை மறந்துவிட்டார். யாரும் எதிர்பாராத ஒரு முடிவு வேண்டும் என்று, கையில் கிடைத்ததைத் தைத்து ஒட்டிவிட்டார்.

அதோடு, அடுத்து இதைப் படிக்கப்போவது காலர்.

“முடிவு என்னக்கா? அவன் மாட்டினானா?” என்று பட்டன் ஓடி வந்தாள்.

கத்தரி அக்கா ‘டிக்’ என்றாள். “பக்கம் கொறையுது. கடையில மாத்தித் தரச் சொல்லியிருக்கேன்.”

இத்தனை வருடத்தில் அவள் அந்த மேசையிலிருந்து சொன்ன முதல் பொய் அது. ஏழாம் பகுதி அவள் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் லாக்கர் அறையில் காலர் அவளிடம் வந்தாள்.

“அக்கா, உங்க பையில ஏழாம் பகுதி இருக்குல்ல? டப்பா எடுக்கறப்ப பார்த்தேன். சீட்டுல ஏழுன்னு போட்டிருந்துச்சு.”

கத்தரி அக்காவுக்கு முகம் சூடானது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. “நீ பார்த்தது ஆறாம் பகுதியா இருக்கும். ஏழு ஏது? அதுதான் பக்கம் இல்லன்னு சொன்னேனே.”

காலர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“ஆமாக்கா. ஆறாத்தான் இருக்கும். எனக்குத்தான் இப்பல்லாம் எது எதுன்னு தெரியறதில்ல.”

அவள் போய்விட்டாள். கத்தரி அக்கா லாக்கர் கதவைப் பிடித்தபடி நின்றாள். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது.

மறுநாள்தான் துணிக்கொடி அருகில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த ஈரத் துண்டை ஓங்கி உதறினாள்.

“உதவியாவது மண்ணாங்கட்டியாவது! பொருளை ஒளிச்சு வெச்சுட்டு, இல்லவே இல்லைன்னு சொன்னேன். பார்த்தவளைப் பார்த்து, நீ பார்க்கலைன்னு சொன்னேன். அந்தக் கதையில புருஷன் பண்ணதும் அதுதான். அவ வீட்டுல நடக்கறதும் அதுதான். நான் என்னடி புதுசா பண்ணிட்டேன்?”

மத்தியானம் ஊசி டப்பாவிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை எடுத்து வைத்துக்கொண்டு ஏழாம் பகுதியின் முன் உட்கார்ந்தாள். மற்ற ஆறு பகுதிகளும் லைனில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அவளுக்கு அவை தேவைப்படவில்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது. டாக்டர் பேசுகிற பன்னிரண்டு பக்கங்களில் மட்டும் பதினேழு அம்புகள் ஒட்டினாள். ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதினாள். ‘இந்த நேரம் அவள் பல் ஆஸ்பத்திரியில்.’ ‘எதிர் வீட்டுப் பெண் எங்கே?’ ‘நோட்டு முதலிலேயே கணவன் கையில் இருந்தது, ஐந்தாம் பகுதி.’ ‘ஷேடு மாறியிருக்கிறது.’ ‘ஷேடு மாறியிருக்கிறது.’

“அவ நொறுங்கிப் போயிட்டா என்ன பண்ணுவ சித்தி?” என்று கேட்டேன்.

“பக்கத்துல நிப்பேன். அவ படிக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண நான் யாரு? குறை எங்கேன்னு காட்டறதுதான் என் வேலை. ஒளிக்கறது இல்ல.”

திங்கட்கிழமை மதிய மணி அடித்தது. கத்தரி அக்கா நேராகக் காலர் மிஷினுக்குப் போனாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

“நீ சனிக்கிழமை பார்த்தது ஏழாம் பகுதிதான். உன் கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். பக்கம் எதுவும் கொறையல. முடிவு மட்டமா இருக்கு. உனக்குக் குடுக்கப் பயந்தேன். அது என் தப்பு. இந்தா.”

பட்டன் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்தாள்.

காலர் மிஷினிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். யாரும் எழுந்து போகவில்லை. அவள் ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாகத் திருப்பினாள். டாக்டர் பேச ஆரம்பித்த இடத்தில் அவள் விரல் நின்றது. முகம் வெளுத்தது. கத்தரி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலர் ஒரு அம்பைப் பார்த்தாள். பென்சில் எழுத்தைப் படித்தாள். அடுத்த அம்பு. அதற்கடுத்தது. மணி திரும்ப அடித்தது. மிஷின்கள் ஓடவில்லை.

“என்ன லைன் நிக்குது?” என்று சூப்பர்வைசர் வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு அவரும் நின்றுவிட்டார்.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, காலர் நிமிர்ந்தாள்.

“ஏன்க்கா, இதை எழுதினவரு மூணாம் பகுதியைப் படிக்கலையா?”

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு பட்டன் தொடங்கி வைத்தாள். லைன் முழுக்கச் சிரிப்பு ஓடியது.

காலர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட சீட்டுக்கட்டை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை.

“பதினோரு மாசமா இந்த மிஷின்ல உக்கார்றேன். ஒரு தடவை என் கத்தரி தொலைஞ்சுதா? ஒரு பண்டில் நம்பரை மாத்தி எழுதியிருக்கேனா? சூப்பர்வைசர் சார், நீங்களே சொல்லுங்க.”

“இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல.”

“அடையாள அட்டை தொலைஞ்சதுக்கப்புறம் புது அட்டையை வீட்டுக்கே கொண்டு போகல. லாக்கர்லயே வெக்கறேன். ஒரு நாள்கூட காணாமப் போகல. வீட்டுக்குக் கொண்டு போற சாவிதான் காணாமப் போகுது. வீட்டு அடுப்புதான் தானா பத்திக்குது. இங்க வராத மறதி, வாசப்படி தாண்டினதும் எங்கிருந்துக்கா வருது?” அவள் ஏழாம் பகுதியை விரலால் தள்ளினாள். “அந்தப் பொண்ணு நோட்டைக் கிழிச்சுப் போட்டாளாம். போட்டுட்டுப் போகட்டும். அவளுக்கு எழுதினது அவரு. எனக்கு நானே எழுதிக்கறேன். இதை நான் கிழிக்க மாட்டேன்.”

பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். கணவன் எழுதிக் கொடுத்த ராஜினாமா. கத்தரி அக்கா அதை வாங்கி, சட்டையைப் புரட்டுவதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய காலி இடத்துக்கு நேராக ஒட்டினாள்.

“இது தைச்ச எடத்துக்கே திரும்பிப் போகட்டும்.”

“அப்ப அந்தக் கதையில புருஷன் தப்பிச்சுட்டானா?” என்றார் சூப்பர்வைசர் பாவமாக. அவர் அப்போதுதான் ஐந்தாம் பகுதியில் இருந்தார். முப்பது பேரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

மறுநாள் காலையில் காலர் வழக்கமான நேரத்துக்கு வந்து, லாக்கரிலிருந்து அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பட்டனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்னடி ஆச்சு? பேப்பர் எங்கன்னு கேக்கலையா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

காலர் நூலை ஊசியில் கோத்துக்கொண்டே சொன்னாள். “எங்க வெச்சேன்னு மறந்துட்டேன்னு சொன்னேன்.”

அன்று அந்த லைன் போட்ட சத்தத்தில் அடுத்த லைன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலர் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆகவில்லை. அவளுடைய அண்ணன் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து அதைக் கத்தரி அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். சீட்டுக்கட்டு இப்போது மூன்றாகிவிட்டது. ஆனால் காலர் முனை இன்னும் அதே கூர்.

அந்த வாரமே கத்தரி அக்கா ஏழாம் பகுதியைப் பதினேழு அம்புகளோடு உறையில் போட்டு எழுத்தாளருக்கு அனுப்பினாள். கூடவே ஒரு கடிதம்.

“ஐயா, உங்கள் எல்லாப் புத்தகங்களையும் படித்தவள் எழுதுகிறேன். இந்தப் பகுதி செக்கிங்கில் தேறவில்லை. குறைகளைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண்ணை நம்பச் சொன்னது நீங்கள்தான். நாங்கள் நம்பினோம். கடைசியில் நீங்கள்தான் நம்பவில்லை. சரிசெய்து அனுப்பவும். நாங்கள் காத்திருப்போம்.”

ஐந்து வாரம் கழித்து அட்டை வந்தது. அதே கையெழுத்து. “உங்களைப் போல் கவனித்துப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.”

கத்தரி அக்கா ஊசி டப்பாவைத் திறந்து பழைய அட்டையை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாறவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் இரண்டின் மேலும் ஒவ்வோர் அம்பு ஒட்டினாள்.

“இனிமே அவரு புத்தகத்தைப் படிக்க மாட்டியா சித்தி?”

“ஏன் படிக்க மாட்டேன்? அந்த முதல் கதையில வந்த தையல்காரி நல்லவதான். அவளை யாராலயும் என்கிட்டேருந்து எடுக்க முடியாது. ஆனா இனிமே நம்ம ஆளு கிம்ம ஆளெல்லாம் கிடையாது. எல்லாரையும் போல அவரும் செக்கிங் மேசைக்கு வரணும்.”

அந்தப் புத்தகம் இன்னும் லைனில் சுற்றுகிறது. புதிதாக வருபவர்கள் ஆறு பகுதிகளையும் மூச்சுவிடாமல் படிக்கிறார்கள். ஆறாம் பகுதியின் பின்னால் ஒரு பண்டில் சீட்டு குத்தியிருக்கிறது. அதில் கத்தரி அக்காவின் கையெழுத்து: ‘பகுதி 7 ஆல்டருக்குப் போயிருக்கிறது.’ முடிவு என்னவென்று கேட்பவர்களிடம் அவள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். கூடவே எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றியும் சொல்கிறாள்.

நான் எழுதிய இந்தக் கதை ஒரே பகுதிதான். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்து முடித்தவர்கள் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்து மிஷினுக்குத் தள்ளிவிடுங்கள். சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவளுக்கு முதலில் கொடுங்கள். எங்கேயாவது குறை தெரிந்தால் அம்பு ஒட்டி எனக்கே திருப்பி அனுப்புங்கள். பிரித்துத் திரும்பத் தைக்கிறேன்.